விளக்கச் சொன்னவர் விளக்கட்டும்

வக்கீல் பரமேஸ்வரன் தம்பி பொய் சொல்கிறார்.

தம்பி என்பது அவர் குடும்பப் பட்டம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இந்த வாரம் யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய கார்களைக் கழுவிய கதையை எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும். கரி எங்கேயும் ஓடிவிடாது.

வக்கீலுக்கு அறுபது நிறைந்ததற்காகத் திருவனந்தபுரத்தில் சமீபத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. மாலையைப் போட்டுக்கொண்டு அவர் பேசியதை மலையாளப் பத்திரிகை ஒன்று முழுதாகப் போட்டிருக்கிறது. என் மனைவி கோமதிதான் வாசித்துக் காட்டினாள். எனக்கு மலையாளம் பேச வரும். எழுத்துக் கூட்டினால் தலை வலிக்கும்.

வக்கீல் சொன்னது இது. பல வருஷங்களுக்கு முன்னால் அவருடைய காரின் முன்விளக்கு ஒன்று விண்டுபோயிருந்ததாம். ஈயம் வைத்து ஒட்டித் தரும்படி, பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி, வலியசாலைப் பக்கம் ஒரு கொட்டகைக்குச் சொல்லி அனுப்பினாராம். அங்கே இருந்த பாண்டிக்காரி, அதாவது தமிழச்சி, ஒருத்தி அதைப் புளி போட்டுத் துலக்கி அனுப்பிவிட்டாளாம். அன்றைக்கே அந்த விளக்கு நல்ல பிரகாசத்தோடு ரோட்டில் விழுந்ததாம். இந்த இடத்தில் பத்திரிகைக்காரர் அடைப்புக்குறி போட்டு, உள்ளே ‘சிரிப்பு’ என்று எழுதியிருக்கிறார்.

கொட்டகை என்னுடையது. பாண்டிக்காரி என் மனைவி.

கோமதி வாசித்து முடித்துப் பத்திரிகையை நாலாக மடித்தாள். “புளி இல்லையே. திருநீறுல்லா போட்டேன்” என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்குத்தான் அடங்கவில்லை.

பச்சைக் கார் வந்த மத்தியானம்

கோமதி கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருக்காது. மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த மத்தியானம். நான் தேன்மெழுகும் டர்பன்டைனும் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கொட்டகையில் இரண்டு பேர்தான். ஒன்று கோமதி. இன்னொன்று அவளுடைய அண்ணன் அருணாசலம், எனக்கு மச்சான். காரின் கித்தான் கூரை தைப்பது, ஸீட்டுக்கு நார் திணிப்பது எல்லாம் அவர் வேலை.

வக்கீலின் பச்சைக் கார் வந்து நின்றது. டிரைவர் தேவசகாயம் இறங்கினான். மார்த்தாண்டத்துக்காரன், எங்கள் எல்லோருக்கும் பழக்கமானவன். இடப்பக்கத்து முன்விளக்கைக் காட்டினான்.

“அக்கா, இந்த விளக்கெ விளக்கணும். நாளைக்குக் காலையில வேணும்.”

இவ்வளவுதான். கோமதியும் கேட்டாள், மச்சானும் கேட்டார். ஈயம் என்ற சொல் அதில் இல்லை. ஒட்டு என்ற சொல்லும் இல்லை. வண்டியை விட்டுவிட்டு அவன் நடந்து போய்விட்டான்.

கோமதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஊரில் விளக்குவதென்றால் தேய்த்துத் துலக்குவது. ஏனம் விளக்குவார்கள், பல் விளக்குவார்கள், வெள்ளிக்கிழமை சாமி விளக்கையும் விளக்குவார்கள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. விளக்கை விளக்கச் சொல்லியிருக்கிறார்கள், விளக்கினாள்.

ஒரு விளக்கை மட்டும் காட்டினானே என்று மச்சான் கேட்டிருக்கிறார். “ஒத்தக் கண்ணுக்கு மை போட்டு அனுப்புவாங்களா, அண்ணே?” என்று சொல்லிவிட்டு அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

கார்களுக்குக் குளியலறை

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள், கார் கழுவ ஒரு கொட்டகையா என்று நினைப்பார்கள். அப்போதும் அப்படித்தான் நினைத்தார்கள். அக்கம்பக்கத்து மலையாளிகள் எங்கள் கொட்டகைக்கு வைத்த பெயர் ‘காறு குளிப்புர’. குளிப்புர என்றால் குளியலறை. கேலிக்கு வைத்தார்கள். நான் அதையே பலகையில் எழுதித் தொங்கவிட்டேன்.

அதற்கு முன் நான் ஒரு பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். புது வண்டி வரும்போது முகம் பார்க்கலாம். ஒரு மழைக்காலம் போனால் அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிடும். அந்தப் பளபளப்பு எங்கே போகிறது? இந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. தேய்ந்து காற்றோடு போய்விடுகிறதா, அல்லது உள்ளேயே இருந்து ஏதோ மூடிக்கொள்கிறதா?

முதலாளிக்குத் தெரியாமல் ஒரு மட்கார்டில் பாதியை மட்டும் மெழுகும் டர்பன்டைனும் கலந்து தேய்த்துப் பார்த்தேன். பாதி புதுசாயிற்று. மீதிப் பாதி பழசாகவே நின்றது. பளபளப்பு போகவில்லை, உள்ளேதான் இருந்தது. முதலாளி என்னைத் திட்டினார், பிறகு மீதிப் பாதியையும் தேய்க்கச் சொன்னார். நான் வேலையை விட்டுவிட்டுக் கொட்டகை போட்டேன்.

இந்த ஊர்க் காருக்கு விரோதிகள் அதிகம். செம்மண் ஒன்று. அதைக் காய்ந்தபடியே துணியால் துடைத்தால் பெயிண்டில் வரிவரியாகக் கீறல் விழும். பலாமரத்தடியில் நிறுத்தினால் பிசின். கடற்காற்றுக்கு வெள்ளைப் பூச்செல்லாம் புள்ளி விழும். மழைக்காலத்தில் தோல் ஸீட்டில் பூசணம் பூத்துவிடும், உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் பின்பக்கம் பச்சை.

இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து கண்டுபிடித்ததில் பாதிக்குமேல் கோமதி. பிசினுக்குத் தேங்காயெண்ணெய். தோலுக்கு விளக்கெண்ணெய், அதுவும் இளஞ்சூடாக. முதலில் சீயக்காய்த் தண்ணீரை வடிகட்டி ஊற்றிப் பார்த்தவளும் அவள்தான். நான் சிரித்தேன். தலைக்கு ஆகிறது தகரத்துக்கு ஆகாதா என்று கேட்டாள். ஆயிற்று.

நாங்கள் ரிப்பேர் கடை வைத்திருக்கவில்லை. ஆனாலும் கழுவ வந்த வண்டியில் ஏதாவது விண்டிருந்தால் சாலைக் கடைத்தெருவில் கொடுத்துப் பற்றவைத்து வாங்கித் தருவதுண்டு. இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வக்கீல் சொல்லுவார்.

சைவக் கார்

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். நான் சாலையிலிருந்து திரும்பியபோது கோமதி விளக்கின் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். உள்ளே பல்புக்குப் பின்னால் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்குமே, அது மங்கிக் கருங்காப்பி நிறத்தில் இருந்தது. அவள் அதில் வாயால் ஊதி, விரல் நுனியால் தொட்டு, விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இது வெள்ளில்லா?” என்றாள். “எங்க அம்மா குங்குமச் சிமிழ் இப்படித்தான் கறுக்கும்.”

கார் விளக்குக்குள் யாராவது வெள்ளியை வைப்பார்களா என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்த் திருநீற்றை எடுத்து வந்து, பழைய வேட்டித் துணியில் போட்டுச் சலித்தாள். வெறும் விரலால், நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோடாகத் தேய்த்தாள். வட்டமாகத் தேய்க்கக் கூடாதாம், கோடு தெரியுமாம். விரல் கறுத்தது. கிண்ணம் வெளுத்தது.

பின்னால் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து முன்விளக்குகளில் உள்ளே மெல்லிசாக வெள்ளி முலாம் உண்டு. டிரைவர்கள் அதைப் பித்தளை என்று நினைத்துச் செங்கல் பொடியைப் போட்டு உரித்துவிடுவார்கள். வக்கீலின் காரில் உரியாமல் தப்பியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். “திருநீறு போடுதீளே, அதென்ன சைவக் காரா?” என்று கேட்டார். மச்சான் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மாட்டுத்தோல் ஸீட்டையும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லும்படி சொன்னார்.

மறுநாள் காலையில் தேவசகாயம் வந்தான். விளக்கில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டான். “கொள்ளாம், நல்லாருக்கு” என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டிலிருந்து வக்கீல் திரும்பி வரும்போது, பாலராமபுரத்துக்கு இப்பால் ஒரு வளைவில், இடப்பக்க விளக்கு காலோடு பிய்ந்து முன்சக்கரத்துக்கு முன்னால் விழுந்தது. தேவசகாயம் வண்டியை ஒடித்தான். வண்டி வாய்க்காலில் இறங்கியது. வக்கீலுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

விளக்குக் கூடும் அதைத் தாங்கும் காலும் சேருகிற இடத்தில் முன்பே வெடிப்பு இருந்திருக்கிறது. அது வக்கீலுக்கு முன்பே தெரியுமாம். எங்களுக்குத் தெரியாது.

ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்

ஈயம் வைக்கச் சொன்னேன், துலக்கி அனுப்பிவிட்டாள் என்று வக்கீல் அப்போதே ஊரெல்லாம் சொன்னார். எங்கள் வாடிக்கையில் பாதி நின்றது. மீதிப் பேரும், அந்தப் பெண்பிள்ளை தொடாவிட்டால் வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். என்னிடம்தான் சொன்னார்கள். ஆனால் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஓலைத் தட்டி. அவளுக்குக் கேட்டது. மறுநாளிலிருந்து அவள் கொட்டகைக்கு வரவில்லை.

நான் முதலில் கோபப்பட்டேன். பிறகு எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே ஒரு சந்தேகம் வந்தது. வக்கீல் படித்தவர். ஒட்ட வேண்டியதை விளக்கு என்று ஏன் சொல்லி அனுப்ப வேண்டும்? தேவசகாயம் தவறாகச் சொன்னானா? கோமதி தவறாகக் கேட்டாளா?

உடைந்த விளக்கை வக்கீல் கொட்டகைக்கே திருப்பி அனுப்பியிருந்தார், என்னிடம்தான் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு சாலையில் ஒரு நகை ஆசாரியிடம் போனேன். நாஞ்சில் நாட்டுக்காரர், தமிழும் மலையாளமும் ஒன்றுபோல் பேசுவார். விளக்குவது என்றால் என்ன என்று கேட்டேன்.

“செயின் அறுந்தா விளக்குவோம். சொம்பு கறுத்தா விளக்குவோம்” என்றார்.

மலையாளத்தில் விண்டதை உருக்கி ஒட்டுவதற்கும் விளக்குவது என்றுதான் பெயராம். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியுமாம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்த எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அறுந்துபோகிற அளவுக்குச் செயின் இருந்ததில்லை.

அப்படியானால் எந்த வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். சாமானைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். என் கையில் இருந்த விளக்கைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு ரெண்டும் செய்யலாமே” என்றார்.

தமிழ் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அங்கிருந்து ஒரு தகரக் கொல்லனிடம் போனேன். அவர் திருநெல்வேலிக்காரர். வேலையாக இருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. “விளக்கைப் பத்த வைக்கணும்” என்றேன். நான் கேட்டது ஒட்டித் தரச் சொல்லி. அவர் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். “உச்சி வெயில்ல எதுக்கு அண்ணாச்சி?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. இத்தனை சொல் இருந்தும் மனுஷன் ஒட்டுவதற்கும் துலக்குவதற்கும் கொளுத்துவதற்கும் ஒன்றிரண்டையே வைத்துக்கொண்டு இழுத்துப் பறித்திருக்கிறான். கோமதி செய்தது தப்பே இல்லை என்று தெரிந்தது. வக்கீல் சொன்னதும் தப்பில்லாமல் இருக்கலாம் என்று தெரிந்தது.

கோபம் வந்தால் மலையாளம்

மிச்சம் இருந்தவன் தேவசகாயம். வக்கீல் அவனை வேலையை விட்டு அனுப்பியிருந்தார். நான் தேடிப் போகுமுன் அவனே கொட்டகைக்கு வந்தான். இப்போது வேறு இடத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வக்கீல் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்த வெளக்கெ விளக்கிக்கொண்டு வா என்றாராம். ஈயம் என்று சொன்னாரா? இல்லை. விண்டிருக்கிறது என்று சொன்னாரா? இல்லை. கால் கொஞ்சம் ஆடும், எல்லா வண்டியிலும் ஆடும் என்று இவன் விட்டுவிட்டான். அவர் சொன்ன சொல்லை அப்படியே கொண்டுவந்து கோமதியிடம் இறக்கிவிட்டான்.

நீ என்ன அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாய் என்று கேட்டேன்.

“எங்க ஊர்ல ரெண்டுக்கும் சொல்லுவோம், அண்ணாச்சி. அவரு எந்தப் பாசையில சொன்னாருன்னு தெரிஞ்சாத்தானே அர்த்தம் தெரியும்?”

“எந்த பாஷையில் சொன்னார்?”

“அவரு எங்கிட்ட தமிழ்லதான் பேசுவாரு. கோவம் வந்தா மலையாளம்.”

“அன்றைக்குக் கோபமாக இருந்தாரா?”

“காப்பி குடிச்சிட்டிருந்தாரு” என்றான் தேவசகாயம். “மூஞ்சியில ஒண்ணும் தெரியல.”

மச்சான் தையலை நிறுத்திவிட்டார். “அந்தக் காப்பியில சீனி இருந்துதான்னு கேளு, மாப்ள. அதுலதான் இருக்கு கேஸு” என்றார். நாங்கள் சிரித்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

நான் வக்கீல் வீட்டுக்குப் போனேன். கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் சண்டைக்குப் போகவில்லை. நீங்கள் சொன்னது தமிழ் விளக்கா, மலையாள விளக்கா என்று மரியாதையாகக் கேட்டேன். அதை மட்டும் தெரிந்துகொண்டு போய்விடுகிறேன் என்றேன்.

அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவருக்குத் தெரியும். குமாஸ்தா எழுந்து வந்து வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

ஒரு கறுப்புக் கோடு

இதுவரை எழுதியதைக் கோமதியிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றை விட்டுவிட்டீர்கள், அதையும் எழுதுங்கள் என்கிறாள். எழுதுகிறேன்.

அன்றைக்கு விளக்கின் காலையும் அவள் துடைத்திருக்கிறாள். விளக்குக் கூட்டுக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருந்திருக்கிறது. பெயிண்டில் கீறல் என்று நினைத்து, பச்சைச் சாயம் கலந்த மெழுகை அதில் தடவி மறைத்துவிட்டாள். அதுதான் வெடிப்பு. அவள் அதை அப்படியே விட்டிருந்தால் தேவசகாயம் காலையில் பார்த்திருப்பான்.

“அது எந் தப்பு. அதச் சொன்னா ஒத்துக்கிடுவேன்” என்றாள். “ஈயம் வைக்கச் சொல்லி நான் வைக்காமப் போனேன்னா ஒத்துக்க மாட்டேன்.”

ஒரு விளக்கை மட்டும் காட்டியது வக்கீல் பக்கத்துக்குச் சாதகம் என்பதையும் நான் மறைக்கவில்லை. துலக்கச் சொல்கிறவன் ஒன்றை மட்டுமா சொல்லுவான்? சொல்லலாம். நம் ரோட்டில் இடது ஓரமாகப் போகிற வண்டிக்கு இடப்பக்கத்து விளக்கில்தான் சேறு அதிகம் படியும். எத்தனையோ வண்டி கழுவிப் பார்த்துச் சொல்கிறேன். ஆகவே அதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்புச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான்.

யுத்தம் வந்தது, போனது. எங்கள் தொழில் மறுபடி எழுந்து நின்றுவிட்டது. கொட்டகைக்கு ஓடு போட்டாயிற்று. ஆனால் இன்றைக்கும் வாசலில் கார் சத்தம் கேட்டால் கோமதி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். வண்டிக்காரர் போன பிறகு வந்து, நானும் மச்சானும் செய்ததைத் திருத்துகிறாள். எங்கள் கொட்டகையில் அவளைவிடத் தேர்ந்த கை கிடையாது. அந்தக் கை ஆளில்லாத நேரம் பார்த்து வேலை செய்கிறது.

அந்த வருஷமே அவள் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டதற்கு, இனி யாரும் ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போனால் திருப்பிக் கேட்க வேண்டும் என்றாள். அப்படிக் கற்றதால்தான் வக்கீலின் பிரசங்கத்தை அவளே வாசிக்க வேண்டி வந்தது.

கேள்வி

வக்கீல் அவர்களே, உங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும் என்பதும் தெரியும்.

ஈயம் என்று நீங்கள் சொல்லவில்லை. சொன்னதாகச் சபையில் சொன்னது பொய். அதை நான் மேலே முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

நீங்கள் சொன்னது ஒரே ஒரு சொல். காப்பி குடித்துக்கொண்டே தேவசகாயத்திடம் அதைச் சொன்னபோது நீங்கள் தமிழ் பேசினீர்களா, மலையாளம் பேசினீர்களா? தமிழ் என்றால், நீங்கள் கேட்டதை என் மனைவி செய்து கொடுத்திருக்கிறாள். மலையாளம் என்றால், எந்த பாஷை என்று சொல்லாமல் அனுப்பிவிட்டு, கேட்டவள் தலையில் போட்டிருக்கிறீர்கள்.

மறந்துவிட்டது என்றால் மறந்துவிட்டது என்று எழுதுங்கள். அதுவும் எனக்குப் பதில்தான். ஆனால் வராந்தாவில் குமாஸ்தாவிடம் சொல்லியனுப்ப வேண்டாம். சபையில் சொன்னதற்குச் சபையில் பதில் வர வேண்டும். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். தமிழில் எழுதலாம், மலையாளத்திலும் எழுதலாம். கோமதி இரண்டையும் வாசிப்பாள். இங்கிலீஷில் மட்டும் எழுதாதீர்கள்.